பெயர் லிட்டில் இந்தியா, பட்டா யார் பெயரில்?

பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர்களிடம் இங்கே என்ன தொல்லை என்று கேட்டால், மேம்பாடு என்றோ நில விலை என்றோ யாரும் தொடங்குவதில்லை. கார் நிறுத்த இடமில்லை என்பார்கள். வேலை முடிந்து வந்து நான்கு சுற்று சுற்றினாலும் வீட்டுப் பக்கத்தில் இடம் கிடைப்பதில்லை, கிடைத்த இடத்தில் நிறுத்தினால் காலையில் குறுக்கே இன்னொரு கார் நிற்கிறது. கண்ணுக்கு எதிரே தெரியும் கடைக்குக் காரில் போக ஒருவழிப் பாதையில் முழு வட்டம் அடிக்க வேண்டும். மேல்மாடி வீட்டில் இரண்டு நாளுக்கு ஒரு புதிய முகம் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறது. பழைய முடிதிருத்தகம் இருந்த இடத்தில் ஒரு கோப்பை காப்பி பத்து வெள்ளிக்கு மேல் விற்கிறது.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் எந்த நகரத்திலும் உள்ள குறைதான். ஆனால் இவை எல்லாம் ஒரே திசையில் தள்ளுகின்றன. ஒரு குடும்பம் பூச்சோங்கிற்கோ ரவாங்கிற்கோ வீடு மாறுவதற்குப் பெரும்பாலும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஏழெட்டு எரிச்சல்கள் சேர்ந்திருக்கும் ஒரு மாதத்தில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிறார், அவ்வளவுதான். அப்படிப் போகிறவர்கள் தீபாவளிக்கு முந்திய வாரம் திரும்பி வருகிறார்கள், வாடிக்கையாளர்களாக.

ஜாலான் துன் சம்பந்தன் முழுக்கத் தோரணமும் வண்ண வளைவும் இருக்கும் ஓர் ஊரில், அதற்கு அந்த நிறத்தைக் கொடுத்தவர்களுக்கு இருக்கும் பிடிமானம் ஏன் இவ்வளவு தளர்வாக இருக்கிறது? இதற்குப் பதில் கார் நிறுத்துமிடத்தில் இல்லை. யார் எந்த உரிமையோடு இங்கே குடியேறினார்கள் என்பதில் இருக்கிறது.

வேலை போனால் வீடும் போகும்

1881ஆம் ஆண்டு கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்புமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திரும்பக் கட்டுமாறு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளை ஏற்படுத்திய இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆனது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் வளர வளர, அதற்கு ஆள் தேவைப்பட்டது. தண்டவாள வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும், எழுத்தர் வேலைக்கும் நிலைய அதிகாரி வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் இங்கே ஒரே வட்டாரத்தில் குடியமர்ந்தார்கள்.

அவர்கள் எழுப்பிய வழிபாட்டு இடங்கள் இன்றும் நிற்கின்றன. ஜாலான் ஸ்காட்டில் இலங்கைச் சைவர்களின் கந்தசுவாமி கோயில், 1894இல் சிங்களச் சமூகம் தொடங்கிய பௌத்த மகா விகாரை, 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம், தேவாலயங்கள் எனச் சில நிமிட நடைக்குள் எல்லாம் இருக்கின்றன. ஒரு தெருவுக்கு ஜாலான் பெர்ஹாலா என்றே பெயர். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. அதன் பயிற்சிக்கு வந்து, அருகிலேயே அறை எடுத்து, உடம்புபிடி நிலையங்களில் வேலை பார்த்து, இங்கேயே வாழ்ந்துவிட்ட பார்வையற்றோர் ஏராளம்.

கோயிலுக்கு நிலம் கிடைத்தது. குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது குவார்ட்டர்ஸ். ரயில்வே ஊழியரும் அரசு ஊழியரும் வேலையில் இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கலாம், பணி ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று தலைமுறை ஒரே தெருவில் வளர்ந்திருந்தாலும் அந்தத் தெருவில் ஒரு கல்கூட அவர்கள் பெயரில் இருக்காது. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பால்மரம் வெட்டும் வரை வீடு, தோட்டம் கைமாறினால் ஒரு மாத அவகாசமும் ஒரு லாரியும். நகரத்து கிராணியும் தோட்டத்துப் பாட்டாளியும் சம்பளத்தில் வேறுபட்டார்கள், வீட்டு விஷயத்தில் இருவரும் ஒரே படியில்தான் நின்றார்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த மேடான பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அதை வைத்திருந்த பூங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பியர்களின் பெயர்கள் சேர்ந்து தேய்ந்து பங்சார் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர் வரலாறு. இன்று அங்கே ஒரு தரை வீட்டின் விலையைக் கேட்டால், அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தலை சுற்றும்.

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு துன் வீ.தி. சம்பந்தனின் பெயர் வைக்கப்பட்டிருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. பிரிட்டிஷ் முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்த காலத்தில், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தாங்களே தோட்டம் வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் அவர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அப்படித்தான். அவர் பெயர் தாங்கிய சாலையின் இரு பக்கமும் இன்று வணிகம் நடத்துகிறவர்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள்.

தண்டவாளம் இருந்த இடத்தில்

பழைய ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் முற்றமாக இருந்த ஏறக்குறைய 72 ஏக்கர் நிலத்தில் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. நிலையம் 2001 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு விமான நிலைய ரயிலும், 2003 ஆகஸ்ட் 31ஆம் தேதி மோனோரெயிலும் வந்தன. நாட்டின் எந்த மூலைக்கும் விமான நிலையத்திற்கும் நேராகப் போகக்கூடிய ஒரே இடமாக பிரிக்பீல்ட்ஸின் வாசல் மாறியது. நில விலை உயர இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

2010 அக்டோபர் 27ஆம் தேதி, அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் துன் ரசாக்கும் சேர்ந்து இவ்விடத்தை லிட்டில் இந்தியாவாகத் தொடக்கி வைத்தார்கள். ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவும் லெபோ அம்பாங்கும் அதற்கு முன்பே தலைநகரில் இந்தியர் வணிகத்திற்குப் பெயர் பெற்றிருந்தன, ஆனாலும் அதிகாரப்பூர்வப் பெயர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது. வளைவுகள், நீரூற்று, வண்ணத் தூண்கள் எல்லாம் அமைந்தன. கூடவே ஒருவழிப் பாதையும் வந்தது. கடைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி இரண்டு முழம் பூவும் ஒரு கட்டு வெற்றிலையும் வாங்கிக்கொண்டு போகிறவர் நிறுத்த முடியாமல் போனார். அப்போதே வணிகர்கள் இதைப் பற்றி முறையிட்டார்கள்.

அதைவிடச் சத்தமில்லாமல் நடந்த மாற்றம் ஒன்று உண்டு. மோனோரெயில் நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் முன்பு தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. வெயிலிலும் மழையிலும் அது பயணிகளுக்குத் தொல்லைதான், ஆனால் அந்த நடையில் ஒரு வடையும் ஒரு தே தாரேக்கும் விற்றன. 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்தபின் பயணிகள் குளிர்சாதனக் கட்டடத்திற்குள்ளேயே ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்திற்குப் போய்விடுகிறார்கள். பயணிக்கு நிம்மதி. தெருவோரக் கடைக்காரர் யாரிடமும் முறையிட முடியாத நட்டம் இது, ஏனெனில் அவரிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. கால்கள் வேறு பக்கம் போய்விட்டன.

எல்லாப் பழியையும் வாடகை மீது போடவும் முடியாது. முடிதிருத்தகங்கள் குறைந்ததற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம். முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று துறைகளிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டு, 2023இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய பிரிக்பீல்ட்ஸும் சொர்க்கமாக இருந்ததில்லை. பின்சந்துகளுக்குக் கெட்ட பெயர் இருந்தது, இருட்டிய பிறகு பெண்கள் தனியாகப் போகத் தயங்கிய தெருக்கள் இருந்தன. இப்போது விளக்கு இருக்கிறது, ரயில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் வேலை இருக்கிறது. இந்த வசதிகள் எல்லாம் வந்து சேரும் நேரத்தில், அவற்றுக்காக இத்தனை ஆண்டு காத்திருந்தவர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறுகிறார் என்பதுதான் சிக்கல். வாடகையை ஏற்றுகிறவர் எப்போதும் அந்நியராக இருப்பதும் இல்லை.

மஞ்சள் கோட்டின் மீது மோட்டார் சைக்கிள்

அன்றாடத் தொல்லை யாரை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு நடைபாதையைப் பார்த்தால் போதும். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நீளக் கோடுகள் போட்ட ஓடு நேராகப் போகலாம் என்றும், புள்ளிகள் வைத்த ஓடு நின்று கவனி என்றும் காலுக்கும் கைத்தடிக்கும் சொல்கின்றன. இந்த ஓடுகளை நம்பியே பார்வையற்றோர் தங்குமிடத்திலிருந்து வேலைக்கும் நிலையத்திற்கும் போய் வருகிறார்கள்.

கார் நிறுத்த இடம் குறையக் குறைய, மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறுகிறது. உணவு கொண்டுபோகும் இளைஞர் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று மஞ்சள் ஓட்டின் மீதே வண்டியை விடுகிறார். உணவகம் தன் மேசையை அரை அடி வெளியே தள்ளுகிறது. பண்டிகைக் காலத்தில் பலகாரக் கூடாரம் நடைபாதையை முழுதாக எடுத்துக்கொள்கிறது. கண் தெரிந்தவருக்கு இது இரண்டு எட்டு விலகி நடக்கும் வேலை. பார்வையற்றவருக்கு வழி அங்கேயே அறுந்துபோகிறது, சாலையில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவழிச் சாலையில் வண்டிகள் வேகமாகவும் வருகின்றன.

இதில் வெளியிலிருந்து வந்த பெருமுதலாளி யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடாரம் போடுபவரும் மேசையைத் தள்ளுபவரும் உள்ளூர்க்காரர்களே. இடம் நெருக்க நெருக்க, இருப்பவர்களுக்குள்ளேயே பலம் குறைந்தவரின் பங்கு முதலில் போகிறது. “அண்ணே, கொஞ்சம் வண்டிய நகத்துங்க, அவரு போகணும்” என்று சொல்ல ஒரு கடைக்காரர் வெளியே வரும் தெருவில் இது சமாளிக்கக்கூடிய தொல்லை. ஆறு மாதத்திற்கு ஒரு முறை கடை மாறும் தெருவில், தினமும் காலை எட்டரைக்கு இந்த வழியே ஒரு பார்வையற்றவர் போவார் என்பது யாருக்கும் தெரியாது.

வாடகைக் கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தது

வாடகை இப்படி ஏறுவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒரு காலத்தில் இருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி மாத இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. பழைய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்குப் பல குடும்பங்கள் பல பத்தாண்டுகள் இருந்ததற்கு அதுவே காரணம். உரிமையாளர்களுக்கோ பழுது பார்க்கும் செலவுக்குக்கூட வாடகை போதவில்லை, பல கட்டடங்கள் அப்படியே சிதைந்தன. 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவாகி, இடைக்கால அவகாசம் 1999 இறுதியோடு முடிந்தது. அதன் பாதிப்பை நாட்டிலேயே அதிகம் உணர்ந்தது பினாங்கு ஜார்ஜ்டவுன். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்ற அந்நகரில் கட்டடங்கள் புதுப்பொலிவு பெற்றன, உள்ளே இருந்த பழைய வாடகைக்காரர்கள் பலர் இல்லை.

இன்று மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பும் இல்லை. ஆனால் வாடகைக்காரருக்கு எந்தப் பிடியும் இல்லை என்பது தவறான எண்ணம். வேறு வேறு சட்டங்களில் சிதறிக் கிடக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. அவை தெரியாததால் இழப்பவர்கள் அதிகம்.

முதலாவது, பூட்டை மாற்றுவது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், உள்ளே இருப்பவரை நீதிமன்றம் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும். உரிமையாளர் தானே பூட்டை மாற்றிச் சாமான்களை வெளியே வைக்க அவருக்கு உரிமை இல்லை. அப்படி நடந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலோடு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. ஆனால் இதை நம்பி விருப்பம் போல் உட்கார்ந்துவிடவும் கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் உரிமையாளருக்கு இடம் தருகிறது. வாடகை பாக்கி இருந்தால், நீதிமன்ற ஆணை பெற்றுச் சாமான்களைப் பறிமுதல் செய்யவும் சட்டம் உண்டு.

இரண்டாவது, வாய்மொழி ஒப்பந்தம். “நம்ம ஆளுதானே, எழுத்தெல்லாம் எதுக்கு” என்று தொடங்கும் வாடகைகள் பிரிக்பீல்ட்ஸில் மட்டுமல்ல, நாடு முழுவதும் உண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் என்ன பேசினோம் என்பதை நிரூபிப்பது பெரும்பாடு. எழுதிய ஒப்பந்தத்திற்கும் முத்திரை வரி கட்டியிருந்தால்தான் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கும். முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனு செய்யலாம். அங்கேயும் கையில் தாள் இருப்பவருக்கே வேலை எளிது.

மூன்றாவது, வணிகர்களுக்கு மிக முக்கியமானது, ஆனால் மிகக் குறைவாகத் தெரிந்தது. கடை கைமாறினால் என்ன ஆகும்? மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, கடன் வாங்கி, அடுப்படியும் அலமாரியும் வைத்து உணவகம் தொடங்கியவர், எட்டாவது மாதத்தில் கட்டடம் விற்கப்பட்டதாகக் கடிதம் பெறுகிறார். ஒப்பந்தம் இருக்கிறதே என்கிறார். அந்த ஒப்பந்தம் பழைய உரிமையாளரோடு போட்டது. தேசிய நிலச் சட்டத்தின் 213ஆவது பிரிவின்படி, மூன்று ஆண்டு வரையிலான வாடகை, விற்பனைக்கு முன்பே நிலப்பட்டாவில் குறிப்பாக ஏற்றப்பட்டிருந்தால் மட்டுமே புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். குறிப்பு ஏற்றுவது நில அலுவலகத்தில் செய்யும் வேலை. பட்டா உரிமையாளர் கையில் இருப்பதால், அவர் ஒத்துழைக்காமல் இது நடப்பது கடினம். அதனால்தான் இதைக் கேட்க வேண்டிய நேரம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள். புது வாடகைக்காரர் முன்பணத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நாளில்தான் உரிமையாளர் எதற்கும் தலையாட்டுவார். கல்யாணத் தேதி குறிப்பதற்கு ஐந்து பேரைக் கேட்பவர்கள், ஆயுள் சேமிப்பைப் போடும் கடை ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமலே கையெழுத்திடுவது வியப்புதான்.

யாரைக் கேட்டுக் கட்டுகிறார்கள்?

கோலாலம்பூரில் மாநகர் மன்றத் தேர்தல் கிடையாது. டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறார். எனவே பக்கத்து நிலத்தில் 30 மாடி எழுவதைப் பிடிக்காதவர் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று மாநகர் மன்றத்திடம் சொல்ல முடியாது. அவருக்கு இருக்கும் வாசல் திட்டமிடல் விதிகள்.

ஒரு நிலத்தில் அனுமதிக்கப்பட்டதைவிட அடர்த்தியாகக் கட்ட விண்ணப்பம் வரும்போது பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவித்து அவர்களின் ஆட்சேபத்தைக் கேட்பது 1970ஆம் ஆண்டு திட்டமிடல் விதிகளில் 7ஆம் விதியாக வந்தது. அது வெறும் சடங்கா, கட்டாயமா என்பது தாமான் ரிம்பா கியாரா வழக்கில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அந்தப் பூங்காவின் ஒரு பகுதியில் உயர் அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று, 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். அனுமதி ரத்தானது. பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களின் குரலைப் பொருட்படுத்தாமல் டத்தோ பண்டார் முடிவெடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பால் உறுதியானது.

நாளிதழ்கள் இதை மக்கள் வெற்றி என்றன. அது உண்மையே. அதே பூங்காவின் ஓரத்தில் நீண்ட வீடுகளில் ஏறக்குறைய 100 குடும்பங்கள் இருந்ததும் உண்மை. புக்கிட் கியாரா தோட்டம் அரசாங்கத்தால் எடுக்கப்பட்டபோது, நிரந்தர வீடு கிடைக்கும் என்ற வாக்குறுதியோடு 1980களில் அங்கே மாற்றப்பட்ட தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்கள் அவை, பெரும்பாலும் இந்தியர்கள். ரத்தான திட்டத்திற்குள்தான் அவர்களுக்கான வீடுகளும் இருந்தன. ஒரு பக்கம் பட்டா வைத்திருந்தவர்கள் தங்கள் பூங்காவைக் காத்தார்கள், மறு பக்கம் பட்டா இல்லாதவர்களின் காத்திருப்பு நீண்டது. யார் கெட்டவர் என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. கேட்கப்படும் உரிமை நில உரிமையை ஒட்டியே நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு கிடைப்பது அரிது.

பிரிக்பீல்ட்ஸுக்கு இது ஏன் முக்கியம் என்றால், 2025இல் நடைமுறைக்கு வந்த கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040, ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தியான கட்டடங்களை ஊக்குவிக்கிறது. இத்தனை தடங்கள் சந்திக்கும் கேஎல் சென்ட்ரலைச் சுற்றி இன்னும் கட்டுவார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு அறிவிப்புக் கடிதம் வீடு தேடி வராது, அது உரிமையாளர் பெயருக்குப் போகும். ஆனால் கட்டுமானம் வரப்போகும் இடத்தில் வைக்கப்படும் அறிவிப்புப் பலகை எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கும். ஆட்சேபத்தை எழுத்தில் தர ஒரு கடைசி நாளும் அதில் இருக்கும். வாடகைக்காரரும் கடைக்காரரும் எழுதலாம், கோயிலும் பள்ளியும் சங்கமும் எழுதலாம். நில உரிமையாளரின் கடிதத்திற்கு உள்ள சட்ட எடை அதற்கு இல்லாமல் போகலாம். ஆனால் கோப்பில் ஏறாத ஆட்சேபத்தைப் பின்னாளில் எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

சத்தம் போட்டால் கேட்கும் என்பதற்கு இங்கேயே முன்னுதாரணம் உண்டு. விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் வெளியானபோது எழுந்த எதிர்ப்பு பரவலானது. ஒரு நூற்றாண்டு பழைமையான அந்தக் கட்டடம் பின்னர் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. கட்டடத்திற்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஜாலான் தம்பிப்பிள்ளை மூலையில் வடை சுடுபவருக்கோ, பூ கட்டுபவருக்கோ அப்படி எதுவும் இல்லை.

கூட்டத்திற்குப் போகிறவர் யார்?

அடுக்குமாடிக்குள் வரும் தொல்லைகளுக்கு வழி சற்று அருகில் இருக்கிறது. இரண்டு நாள் வாடகைக்கு வீடு விடும் பழக்கம் கேஎல் சென்ட்ரலைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் சாதாரணமாகிவிட்டது. மின்தூக்கியில் நெரிசல், நள்ளிரவில் இரைச்சல், நீச்சல் குளத்தில் அந்நியர் கூட்டம் என்று புகார்கள் வருகின்றன. நீண்ட கால வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைவிடச் சுற்றுலாப் பயணிக்கு விட்டால் கூடுதல் வருமானம் என்று உரிமையாளர் நினைக்கத் தொடங்கினால், குடும்பத்திற்குத்தான் முதலில் கடிதம் போகும்.

இத்தகைய குறுகிய கால வாடகையை அடுக்குமாடி நிர்வாகம் தன் துணைவிதிகள் மூலம் தடை செய்யலாம் என்று 2020இல் மோண்ட் கியாரா வழக்கு ஒன்றில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் துணைவிதியைக் கொண்டு வர உரிமையாளர்களின் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும், அதற்கு வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவு தேவை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் உரிமையாளருக்கு வாக்குரிமை கிடையாது. ஆண்டுக் கூட்டத்தில் பாதி நாற்காலி காலியாக இருப்பதும், வந்தவர்களில் சிலர் பாக்கி காரணமாகக் கை தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும் பல அடுக்குமாடிகளில் வழக்கம். பத்து வீடுகளை வாங்கிக் குறுகிய கால வாடகைக்கு விடும் முதலீட்டாளர் பாக்கி வைப்பதில்லை, கூட்டத்தையும் தவறவிடுவதில்லை.

வாடகைக்கு இருப்பவர் அந்தக் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. ஆனால் வீட்டு உரிமையாளர் வர இயலாவிட்டால், அவரிடம் எழுத்தில் பதிலாள் படிவம் வாங்கிக்கொண்டு அவருக்குப் பதிலாகப் போகலாம். உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார், கூட்டத்திற்குப் போகும் வேலை மிச்சம் என்றுதான் நினைப்பார். படிவத்தைக் கூட்டத்திற்குக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.